பெர்ஸ்பெக்டிவ் பட கேலரி: ஓரப் படங்களில் ஆழமே தெரியவில்லை

படப்பெட்டி:
ஜாவாஸ்கிரிப்டில் ஒரு பட கேலரி எழுதுகிறேன். நடுப் படம் நேராக நிற்க, இரு பக்கமும் மற்றவை 60 டிகிரி திரும்பி உள்வாங்கிப் போக வேண்டும். விரலால் இழுத்தால் வரிசை முழுக்க வழுக்கி நகர வேண்டும். ஒவ்வொரு படத்தின் டிரான்ஸ்ஃபார்மிலும் பெர்ஸ்பெக்டிவ் (பார்க்கிற கண் எவ்வளவு தள்ளி நிற்கிறது என்ற தூரம்) 800 பிக்சல் கொடுத்து, லெஃப்ட் மதிப்பை மாற்றி நகர்த்துகிறேன். ஆனால் ஓரப் படங்கள் எல்லாம் அச்சில் வார்த்ததுபோல ஒரே சாய்வில் நிற்கின்றன. போனில் நகர்வும் திக்கித் திக்கி வருகிறது. த்ரீ.ஜேஎஸ் என்ற 3டி நூலகம் இல்லாமல் முடியுமா?

பழையஃப்ளாஷ்:
தாராளமாக முடியும். இந்த மாதிரி கேலரிகளைப் பழைய ஃப்ளாஷின் மொழியான ஆக்‌ஷன்ஸ்கிரிப்டில் கைக்கணக்காகவே எழுதியவன் நான். குவியத் தூரத்தை (உங்கள் பெர்ஸ்பெக்டிவ் மதிப்பு), அதனுடன் படத்தின் ஆழத்தைக் கூட்டிய தொகையால் வகுத்தால் அளவு வந்துவிடும். தூரம் 800, படம் 400 உள்ளே என்றால் மூன்றில் இரண்டு பங்கு. நடுவிலிருந்து அது எவ்வளவு தள்ளி இருக்கிறதோ, அதையும் இதே எண்ணால் பெருக்க வேண்டும். இதை விட்டால் படம் சுருங்கும், ஆனால் உள்ளே போகாது.

உங்களுக்கு இந்தக் கணக்கை சிஎஸ்எஸ் போட்டுவிடும். பெர்ஸ்பெக்டிவைப் படத்தில் கொடுக்காமல், எல்லாப் படங்களையும் சுமக்கும் வெளிப் பெட்டியில் ஒரே ஒரு முறை கொடுங்கள். இப்போது ஒவ்வொரு படத்துக்கும் தனித்தனி மறைபுள்ளி (ஆழத்தில் கோடுகள் போய்ச் சேரும் இடம்) இருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் நேர் எதிரே ஒரு கேமரா நிற்கிற கணக்கு. சாய்வு எப்படி மாறும்?

லெஃப்டையும் விட்டுவிடுங்கள். அதை மாற்றினால் ஃப்ரேமுக்கு ஃப்ரேம் லேஅவுட் கணக்கு (பக்கத்தில் எது எங்கே நிற்கும் என்பது) ஓடும். டிரான்ஸ்லேட் எக்ஸ் (பக்கவாட்டு), இசட் (ஆழம்) இரண்டாலும் நகர்த்தினால் அந்த வேலை மிச்சம்.

பிக்சல்கணக்கு:
திக்குவதற்குப் படத்தின் அளவும் காரணமாக இருக்கலாம். 4000×3000 படம் ஃபைலாகச் சின்னதுதான். நினைவகத்தில் விரித்தால் பிக்சலுக்கு 4 பைட் வீதம் 48 எம்பி. பத்துப் படம் போட்டால் போன் என்ன செய்யும் பாவம்! திரையில் தெரியும் அளவுக்குச் சுருக்கிப் போடுங்கள்.

படப்பெட்டி:
ஆழம் வந்துவிட்டது, நன்றி! அப்புறம், ஓரத்தில் வழிவதை மறைக்க உள் வரிசைக்கு ஓவர்ஃப்ளோ ஹிடன் கொடுத்தேன். உள்ளிருக்கும் படங்களின் ஆழத்தைக் காக்கும் பிரிசர்வ்-3டி இருந்தும் எல்லாம் மறுபடி தட்டையாகிவிட்டது. இன்னொன்று, 120 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 120 ஃப்ரேம்) போனில் நகர்வு இரு மடங்கு வேகமாக ஓடுகிறது.

பழையஃப்ளாஷ்:
பிரிசர்வ்-3டி இருக்கும் எலிமென்டிலேயே ஓவர்ஃப்ளோ ஹிடன் வந்தால் அது தட்டையாகத்தான் ஆகும். ஹிடனை வெளிப் பெட்டிக்கு மாற்றுங்கள், சரியாகிவிடும்.

வேகம்: ஃப்ரேமுக்கு மிச்சத் தூரத்தில் பத்தில் ஒரு பங்கு என்று நகர்த்துகிறீர்கள் போல. 120 ஹெர்ட்ஸில் அது நொடிக்கு இரு மடங்கு தடவை ஓடும். ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் முன் நம் கோடை ஓட்டும் ரிக்வெஸ்ட் அனிமேஷன் ஃப்ரேம் தரும் நேர முத்திரையில் இருந்து, போன ஃப்ரேமுக்கும் இதற்கும் எத்தனை மில்லிசெகண்ட் என்று எடுத்து, நகரும் பங்கை அதை வைத்துக் கணக்கிடுங்கள். டேபை மாற்றிவிட்டுத் திரும்பினால் அந்த இடைவெளி பெரிதாக வந்து படங்கள் துள்ளும். 50 மில்லிசெகண்டுக்கு மேல் போகாமல் வெட்டிவிடுங்கள்.