இசை விழா நேரலை: மைதானத்தில் கேட்பது டி.வி.யில் கேட்கவில்லையே, ஏன்?

நடுவரிசை:
வணக்கம். திறந்தவெளி மேடை, மூன்று நாள் இசை விழா, டி.வி. நேரலை. ஐந்து கேமரா, ஒரு ஓ.பி. வேன் (நேரலைக் கருவிகள் உள்ள வண்டி). ஒத்திகையில் மேடை மிக்ஸரின் இடது, வலது அவுட்டை அப்படியே வேனுக்கு இழுத்தோம். மைதானத்தில் அருமையாக இருந்தது. வேனில் கேட்டால் பாடகர் குரல் மட்டும் முன்னால் வந்து நிற்கிறது. கிக் டிரம்மும் பேஸ் கிட்டாரும் காணோம். கைதட்டல் அடுத்த தெருவில் கேட்பது போல இருக்கிறது. ஈக்யூவில் (ஒலியின் அதிர்வெண்களைத் தனித்தனியே கூட்டிக் குறைக்கும் வசதி) கீழ் அதிர்வெண்களை ஏற்றினாலும் பயனில்லை. போதாததற்கு, உதடு அசையும் முன்பே குரல் வந்துவிடுகிறது. மேடைக்குப் பின்னால் உள்ள எல்.இ.டி. திரையில் கறுப்புக் கோடுகள் ஓடுகின்றன. எதை முதலில் சரிசெய்வது?

ஃபேடர்:
முதலில் ஒலி. படம் கொஞ்சம் சொதப்பினாலும் ஆட்கள் பார்ப்பார்கள். ஒலி சொதப்பினால் சேனலை மாற்றிவிடுவார்கள்.

ஈக்யூவால் சரியாகாததற்குக் காரணம், அங்கே ஏற்ற எதுவுமே இல்லை. பெரிய மேடைகளில் சப்வூஃபருக்கு (அடி ஒலிக்கான ஸ்பீக்கர்) தனி ஆக்ஸ் (மிக்ஸரின் துணை அவுட்) வழியாக ஒலி அனுப்புவது வழக்கம். அப்படிச் செய்திருந்தால் கிக், பேஸ் இரண்டின் அடிப்பகுதி இடது-வலது அவுட்டுக்கு வராமலே போகலாம். இன்னொன்று: டிரம்ஸும் கிட்டார் ஆம்ப்பும் மேடையிலிருந்தே காதைப் பிளக்கும். அதனால் மேடை இன்ஜினியர் அவற்றை ஸ்பீக்கரில் குறைத்துத்தான் போடுவார். அவர் மைதானத்துக்காக மிக்ஸ் செய்கிறார், அது அவர் வேலை. அவரைக் குறை சொல்ல முடியாது.

ஆகவே டி.வி.க்குத் தனி மிக்ஸ் வேண்டும். மேடையிலேயே ஸ்பிளிட்டர் (மைக் சிக்னலைப் பிரித்துத் தரும் பெட்டி) போட்டு ஒவ்வொரு மைக்கையும் தனித்தனியாக வேனுக்கு எடுங்கள். 48 கிலோஹெர்ட்ஸில் ஒரு மாடி (MADI, பல சேனல் டிஜிட்டல் ஒலி இணைப்பு) கேபிளில் 64 சேனல் போகும், ஒரு மேடைக்குத் தாராளம். கவனிக்க வேண்டியவை:

டிரான்ஸ்ஃபார்மர் ஸ்பிளிட்டர் என்றால் 48 வோல்ட் ஃபேண்டம் (கண்டென்ஸர் மைக்குக்கு மிக்ஸர் தரும் மின்சாரம்), நேரடி அவுட் பக்கத்திலிருந்துதான் மைக்குக்குப் போகும். தனிமைப்படுத்திய பக்கத்தில் எத்தனை தடவை பட்டனை அமுக்கினாலும் கண்டென்ஸர் மைக் பேசாது. யார் ஃபேண்டம் தருவது என்று முன்பே பேசி முடிவு செய்யுங்கள்.

டிஜிட்டல் ஸ்டேஜ் பாக்ஸைப் பகிர்ந்தால் கெயின் (மைக் சிக்னலை முதலில் பெருக்கும் அளவு) ஒருவர் கையில்தான் இருக்கும். நடுப் பாட்டில் அவர் 6 டெசிபெல் ஏற்றினால் உங்கள் மிக்ஸும் 6 ஏறும். கெயின் டிராக்கிங் (அவர் மாற்றியதை உங்கள் பக்கம் தானே ஈடுசெய்வது) இருந்தால் ஆன் செய்யுங்கள். இல்லையென்றால் சவுண்ட் செக் முடிந்ததும் கெயினைத் தொடக்கூடாது, டிரிம்மை (கெயினுக்குப் பிந்தைய டிஜிட்டல் அளவு) மட்டும் தொடலாம் என்று ஒப்பந்தம்.

வேனுக்கும் மேடைக்கும் வேறு வேறு ஜெனரேட்டர் என்றால் ஹம் (தொடர் ரீங்காரம்) வரலாம். ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர்தான் மருந்து. பவர் கேபிளில் எர்த்தைக் கழற்றி ஹம்மை நிறுத்தும் 'தந்திரம்' உயிருக்கே உலை வைக்கும்.

சுருதிப்பெட்டி:
மேலே சொன்னது சரி, ஆனா எல்லாருக்கும் ரெண்டாவது மிக்ஸர் கிடைக்காது. அப்போ மேடை மிக்ஸர்லயே ஒரு ஸ்டீரியோ ஆக்ஸ், போஸ்ட்-ஃபேடர்ல (ஃபேடரை ஏத்தி இறக்கினா இதுவும் கூடவே மாறும்) எடுங்க. கிக், பேஸ், டிரம் ஓவர்ஹெட், கிட்டார் சென்டை மட்டும் கூட்டி வைங்க, குரலோடதைக் குறைங்க. முழுத் தீர்வு இல்லைதான். ஆனா இடது-வலது அவுட்டை விட எவ்வளவோ மேல்.

கைதட்டலுக்குக் குறைஞ்சது நாலு மைக். ரெண்டு ஷாட்கன் (நேர் எதிர்ல வர்ற ஒலியை மட்டும் அதிகமா எடுக்கிற நீள மைக்), மேடை முன்விளிம்பின் ரெண்டு மூலையில, முகம் கூட்டத்தைப் பார்த்து, முதுகு ஸ்பீக்கருக்கு. இன்னும் ரெண்டு, மிக்ஸர் கூடாரத்துக்கிட்ட. பாட்டு ஓடும்போது இறக்கி, கடைசி அடி விழுந்ததும் ஏத்துங்க. முழுசா மூடிடாதீங்க, மூடித் திறக்கிறது வீட்ல அப்பட்டமாக் கேட்கும். 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டிடுங்க, காத்து உறுமலும் சப்வூஃபர் முழக்கமும் போயிடும்.

நடுவரிசை:
இரண்டாவது மிக்ஸர் ஏற்பாடாகிவிடும். கூடாரத்துப் பக்க மைக்கைத் திறந்ததும் டிரம் இரண்டு தடவை அடிப்பது போலக் கேட்கிறதே? மேடையிலிருந்து 30 மீட்டர்.

ஓபிவேன்:
ஒலி ஒரு மீட்டர் கடக்க ஏறக்குறைய 2.9 மில்லிவினாடி. 30 மீட்டருக்கு 87. அதுதான் அந்த இரட்டை அடி. இதையும் உதட்டசைவையும் ஒரே கணக்கில் முடிக்கலாம்.

வினாடிக்கு 25 ஃப்ரேமில் ஒரு ஃப்ரேம் 40 மில்லிவினாடி. ஃப்ரேம் சிங்க் (படங்களின் நேரத்தை ஒன்றாக்கும் கருவி), ஸ்விட்சர் (கேமராவை மாற்றும் கருவி), கிராஃபிக்ஸ் என்று ஒவ்வொன்றும் படத்தைப் பின்னுக்குத் தள்ளும். ஒலி அப்படியே ஓடிவரும். ஒலி பிந்தினால் ஓரளவு பொறுத்துக்கொள்வோம், தூரத்தில் அடிக்கும் சுத்தியலை அப்படித்தானே கேட்கிறோம். முந்தினால் உடனே உறுத்தும். ஐ.டி.யூ. (சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம்) பரிந்துரையில் பார்ப்பவர் கண்டுபிடிக்கும் எல்லை, முந்தும்போது 45 மில்லிவினாடி, பிந்தும்போது 125.

மேடையில் ஒருவரை மைக் முன் கைதட்டச் சொல்லி, ஸ்விட்சர் அவுட்டைப் பதிவு செய்து ஃப்ரேம் எண்ணுங்கள். 3 ஃப்ரேம் வித்தியாசம் என்றால் 120. மேடை மைக் எல்லாவற்றுக்கும் 120 மில்லிவினாடி டிலே. கூடாரத்து மைக்குக்கு 120-இல் 87 போக 33. அது ஏற்கெனவே தாமதமாகித்தான் வருகிறது அல்லவா? விளிம்பு ஷாட்கன்னுக்கு 120-ஐயே வையுங்கள். இரட்டை அடி போய்விடும், உதடும் சேரும். படத்தின் தாமதம் 87-க்குக் குறைவாக இருந்தால் இந்தக் கழித்தல் நடக்காது, கூடாரத்து மைக்கை மேடைப் பக்கம் நகர்த்த வேண்டியதுதான்.

வயர்லெஸ் கேமராவுக்குத் தனியாக அளந்து பாருங்கள். அது கேபிள் கேமராவை விடப் பின்தங்கினால் அதில் முக குளோஸப் வேண்டாம், கூட்டத்தைக் காட்டப் பயன்படுத்துங்கள்.

சத்த அளவு: ஐரோப்பிய ஆர்-128 முறை கேட்டால் முழு நிகழ்ச்சிக்கும் சராசரி மைனஸ் 23 எல்.யூ.எஃப்.எஸ். (காதுக்குத் தோன்றும் சத்தத்தின் அளவீடு), உச்சம் மைனஸ் 1 டெசிபெல் ட்ரூ பீக் (சிக்னலின் உண்மையான உச்சம்). உங்கள் சேனலின் எண் வேறாக இருக்கலாம், எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். மெதுவான பாட்டில் மீட்டர் இறங்குகிறதே என்று ஃபேடரைத் துரத்தாதீர்கள்.

சுருதிப்பெட்டி:
எல்.இ.டி. கோடு: திரை பிராசஸருக்கு வேனிலிருந்து ஜென்லாக் (எல்லாக் கருவியையும் ஒரே நேரத்துக்குப் பூட்டுற) சிக்னல் கொடுங்க, எல்லாக் கேமராவும் ஒரே ஷட்டர். 50 ஹெர்ட்ஸ் வேலைன்னா 1/50-ல தொடங்குங்க. அப்புறமும் ஓடினா திரையோட ரிஃப்ரெஷ் ரேட்டை ஏத்தச் சொல்லுங்க. கோடு இல்லாம வலை மாதிரி நெளிஞ்சா அது மொய்ரே (திரைப் புள்ளியும் கேமரா சென்சார் புள்ளியும் மோதுறதால வர்ற வடிவம்), ஜென்லாக்ல போகாது. திரை ஃபோகஸ்ல விழாம, முன்னால நிக்கிறவர் மேல ஃபோகஸ் வைங்க.

கட்டிங்குக்கு ஒண்ணே ஒண்ணு: டைரக்டர் பக்கத்துல பாட்டு வரிசையோட தாளம் எண்ணுற ஒருத்தர் உட்காரணும். "கிட்டார் சோலோ, நாலு பார்ல" (பார்னா தாளச் சுற்று) னு டாக்பேக்ல (கேமராமேன் காதுல பேசுற லைன்) போனாத்தான் கேமராமேன் கிட்டார் வாசிக்கிறவர் விரலுக்கு முன்னாடி போய் நிப்பார். இல்லைன்னா சோலோ முடியிற நேரத்துல கட் வரும்.