மறுமொழி: குளத்தங்கரை நிலத்தில் மாதிரிப் பண்ணை, ஆளுக்கு 25,000 ரூபாய்

அண்ணன்மார், மைனிமார் எல்லோருக்கும் வணக்கம்.

குளத்தங்கரை நிலத்தில் மாதிரிப் பண்ணை போட ஆளுக்கு 25,000 ரூபாய் கேட்டு நம் ஊர்ச் சங்கத்தின் பொருளாளர் அண்ணன் அனுப்பிய மதிப்பீட்டைப் படித்தேன். பண்ணை வேண்டும் என்பதில் எனக்கு மறுபேச்சே இல்லை. ஆனால் முதல் செலவே நுழைவு வளைவும் பெயர்க் கல்வெட்டும் என்று இருக்கிறதே, அதுதான் மனசுக்கு ஒப்பவில்லை.

போன மாசியில் அம்மா இங்கே அமெரிக்காவுக்கு வந்திருந்தபோது ஃப்ளோரிடாவில் ஃபோர்ட் மையர்ஸ் பக்கமுள்ள எக்கோ பண்ணைக்குக் கூட்டிப்போனேன். ஏழை நாடுகளில் விவசாயிகளோடு வேலை செய்கிறவர்களுக்குக் கற்றுக்கொடுக்கிற இடம். மலைச்சரிவுக்கு ஒரு பகுதி, வறண்ட நிலத்துக்கு ஒன்று, மழைக்காட்டுக்கு ஒன்று, மண்ணே இல்லாத நகரத்து ஆட்களுக்காகப் பழைய டயரில் காய்கறி வளர்க்கிற பகுதி ஒன்று. முருங்கையையும் மரச்சீனியையும் தவசிக்கீரையையும் கண்டதும் அம்மா, "இது நம்ம கிணத்தடியில நிக்கதுதானே, இதுக்கா இம்புட்டு தூரம் வந்தோம்" என்றாள். அப்புறம் பூனைக்காலி இனக் கொடி மண்ணை மூடிக் களையை அமுக்கி, தழைச்சத்தும் சேர்ப்பதைச் சொன்னார்கள். நம்ம பக்கத்தில் ரப்பர் கன்று வைத்த புதிதில் படர விடுகிற மியூக்குனாவும் அதே இனம்தான். அம்மா அந்த இடத்தை விட்டு நகரவே இல்லை. ஓகி புயலில் சாய்ந்த எங்கள் ரப்பர் விளையை நினைத்திருப்பாள். 2017 நவம்பர் 30-க்குப் பிறகு சங்கம் பிரித்துக் கொடுத்த உதவிப் பணத்தில் எங்கள் வீட்டுப் பெயர் ஏன் விடுபட்டது என்று இன்றுவரை ஒருவரும் சொன்னதில்லை. சரி, அதை நேரில் பேசிக்கொள்ளலாம்.

நான் சொல்ல வந்தது இதுதான். அங்கே விதை வங்கி இருக்கிறது. வெளிநாட்டில் வேலை செய்கிறவர்களுக்குச் சின்னச் சின்னப் பொட்டலமாக விதை அனுப்பி, ஒரு மூலையில் போட்டுப் பார்த்து எப்படி வந்தது என்று எழுதச் சொல்கிறார்கள். முதலில் சிறிதாகச் சோதனை, பிறகுதான் ஊருக்குச் சொல்வது. நாமும் 10 சென்டில் ஒரு வருஷம் செய்து பார்ப்போம். விதையை அமெரிக்காவிலிருந்து கொண்டுவர வேண்டாம். நெல்லுக்குத் திருப்பதிசாரம் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது, தோட்டப் பயிருக்குப் பேச்சிப்பாறை இருக்கிறது, மாட்டுத் தீவனத்துக்கான அசோலாவும் சாண எரிவாயுவும் பழகக் கன்னியாகுமரி விவேகானந்த கேந்திரம் இருக்கிறது. அவர்களிடம் போய்க் கேட்க என்ன வெட்கம்? கல்வெட்டில் நம் பெயர் இருந்தால்தான் மரியாதை என்று எழுதிய துபாய் அண்ணனுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

மேலவிளை அத்தான் ஆடியில் போனபோது அந்த நிலத்தின் கிழக்கு வரப்பில் யாரோ லாரி மண் தட்டியிருந்தது என்று எழுதினாரே, அதற்கு ஒருவரும் பதில் போடவில்லை. கீழ் ஏலா வயல் முழுக்க இப்படி வரப்பில் தொடங்கித்தான் மனையானது. சின்ன வயதில் அம்பை 16 நெல் அறுப்புக்குத் தொளியில் இறங்கி நின்ற இடத்தில் இன்று கார் நிற்கிறது. முதலில் சர்வேயரை வைத்து அளந்து நாலு பக்கமும் கல் போடுங்கள். அந்தச் செலவில் என் பங்கை இந்த வாரமே அனுப்புகிறேன். களை பறிக்க ஓர் ஆளை வைத்தால், கூலியில் முதல் மூன்று மாதம் என்னுடையது. வளைவுக்கு ஒரு ரூபாயும் தரமாட்டேன்.

பொங்கலுக்கு அம்மாவோடு ஊருக்கு வருகிறேன். பொருளாளர் அண்ணன் குளத்துச் சுவருக்கு வசூலித்த பணத்தின் கணக்கு நோட்டையும் எடுத்து வையுங்கள்.