புதுப்பிப்பு: வெளிநாடு போகாமல் ஆங்கிலம் பேசப் பழகுவது

வெளிநாட்டில் படிக்காமலேயே ஆங்கிலம் சரளமாகப் பேச வருமா என்று முன்பு கேட்டிருந்தேன். "நாள் முழுக்கக் காதில் விழட்டும், தானாக வரும்" என்பதுதான் பலர் சொன்னது. கேட்டேன். புரிவது நன்றாகவே கூடியது, வாய்தான் திறக்கவில்லை.

இதற்குக் காரணம் இருக்கிறது. கனடாவில் வீட்டில் ஆங்கிலம் பேசி, பள்ளிப் பாடங்களையே பிரெஞ்சில் படித்த பிள்ளைகள் கேட்டுப் புரிந்துகொள்வதில் கெட்டி, பேச்சில் அந்த அளவுக்கு இல்லை என்று மொழி கற்றல் ஆய்வாளர் மெரில் ஸ்வெய்ன் 1985இல் எழுதினார். பேசியே ஆக வேண்டிய நிலை வர வேண்டும் என்பது அவர் வாதம்.

அதனால் இப்போது பிபிசியின் '6 மினிட் இங்கிலீஷ்' நிகழ்ச்சியில் ஒரு துண்டை ஓடவிட்டு, கூடவே நானும் பேசுகிறேன். அப்புறம் அதே விஷயத்தைச் சொந்தமாகச் சொல்லி ஃபோனில் பதிவு செய்கிறேன். திரும்பக் கேட்கக் கூச்சம்தான் (யாருக்குத்தான் தன் குரல் பிடிக்கும்?). ஆனால் எங்கே திக்குகிறேன் என்று பளிச்சென்று தெரிகிறது: நடந்து முடிந்ததைப் பற்றிக் கேள்வி கேட்கும்போதெல்லாம் ஒரு இழுவை. அந்த இடத்தை மட்டும் மறுபடி பேசிப் பார்க்கிறேன்.

இணையத்தில் பேச ஒரு துணையும் கிடைத்திருக்கிறார். இலக்கணம் திருத்த வேண்டாம், புரியாவிட்டால் மட்டும் நிறுத்துங்கள் என்று சொல்லிவைத்திருக்கிறேன். கூட்டங்களில் இன்னும் தடுமாற்றம்தான். ஃபோனில் பேசும் பயம் போய்விட்டது.