வலிப்பு வரும் நாய்க்கு உணவை மாற்றிப் பார்த்தவர்கள் சொல்லுங்கள்: எங்கள் மணியின் கதை இது

மணிக்கு முதல் ஃபிட்ஸ் வந்தபோது வயது மூன்று. நடுராத்திரி, தரையில் நகம் கீறும் சத்தம் கேட்டு ஓடினேன். ஒருக்களித்துக் கிடந்து, நாலு காலும் நீந்துவதுபோல் அடித்துக்கொண்டிருந்தது, வாயெல்லாம் நுரை. ஒன்றரை நிமிடம்தான். எழுந்ததும் சுவரில் முட்டி முட்டி நடந்தது, என்னையே அடையாளம் தெரியவில்லை.

ரத்தப் பரிசோதனையில் ஒன்றும் இல்லை. ஃபீனோபார்பிட்டால் என்கிற வலிப்பு மாத்திரையை ஆரம்பித்தோம். குறைந்தது, ஆனால் நிற்கவில்லை; மூன்று வாரத்துக்கு ஒருமுறை வந்தது. மாத்திரையால் பசி வேறு. குப்பைக்கூடையைக்கூட விடவில்லை, எடை ஏறிக்கொண்டே போனது.

எம்சிடி (தேங்காய் எண்ணெயிலும் இருக்கிற ஒருவகைக் கொழுப்பு) சேர்த்த உணவைப் பற்றி டாக்டர்தான் சொன்னார். லண்டன் ராயல் வெட்டர்னரி கல்லூரி ஆய்வு ஒன்று 2015இல் வெளிவந்ததாம். மருந்து சாப்பிட்டும் வலிப்பு நிற்காத 21 நாய்கள். மூன்று மாதம் அந்த உணவு, மூன்று மாதம் வேறு உணவு. மூன்றுக்கு எம்சிடி காலத்தில் வலிப்பே வரவில்லை, ஏழுக்குப் பாதிக்கும் மேல் குறைந்தது, ஐந்துக்கு ஓரளவு. ஆறுக்குப் பலனே இல்லை. "உங்க மணி எந்தக் கட்சின்னு கொடுத்துப் பார்த்தாத்தான் தெரியும்" என்றார்.

அவசரப்பட்டு நாலே நாளில் முழுசாக மாற்றினேன். வீடெல்லாம் பேதி. மறுபடி கால் பங்கிலிருந்து தொடங்கி மெதுவாக ஏற்றினோம். காலண்டரில் சிவப்புப் புள்ளி வைப்பேன். மூன்றாவது மாதம் புள்ளிகள் விலகத் தொடங்கின. இப்போது ஏழு வாரத்துக்கு ஒன்று. மாத்திரை மட்டும் அப்படியே தொடர்கிறது.

தேங்காய் எண்ணெய் ஊற்றினால் போதாதா என்று எல்லோரும் கேட்கிறார்கள். நானும் கேட்டேன். அதில் பெரும்பகுதி லாரிக் அமிலம். வலிப்புக்குப் பயன்படுகிற கேப்ரிலிக், கேப்ரிக் அமிலங்கள் கொஞ்சம்தான். கண்டபடி கொழுப்பை ஏற்றினால் கணையம் வீங்கும். இந்த மாத்திரை சாப்பிடும் நாய்க்கு அந்த ஆபத்து ஏற்கெனவே கூடுதல்.

*

அக்கா, எங்கள் நாய்க்குப் பொட்டாசியம் புரோமைடு என்கிற இன்னொரு வலிப்பு மருந்தும் உண்டு. எங்களைக் கவிழ்த்தது உப்பு. விருந்தாளிகள் வந்த வாரம் முழுக்க ஆளாளுக்கு சிப்ஸ் போட்டிருக்கிறார்கள், எனக்குத் தெரியாது. நாலு மாதமாக அமைதியாக இருந்தவனுக்கு ஒரே வாரத்தில் இரண்டு முறை வந்துவிட்டது. உப்பு கூடினால் சிறுநீரகம் புரோமைடையும் சேர்த்து வெளியே தள்ளிவிடும் என்று டாக்டர் அப்புறம்தான் விளக்கினார். திடீரென்று உப்பைக் குறைத்தாலும் வம்பு: மருந்து உடம்பிலேயே தேங்கி, பின்னங்கால் தள்ளாடும். உணவு பிராண்டை மாற்றுவதென்றால்கூட இப்போது அவரைக் கேட்காமல் செய்வதில்லை. கடற்கரைக்குக் கூட்டிப்போனாலும் ஒரு கண் வைத்திருப்பேன். அலையைக் குடிக்கிற ஆள் அவன்.

*

நான் செய்ததை யாரும் செய்யாதீர்கள். எங்கள் பெண் நாய்க்குப் புது உணவு கொடுத்து இரண்டு மாதம் வலிப்பு வரவில்லை. குணமாகிவிட்டது என்று மாத்திரையை நானே நிறுத்தினேன். நாலாம் நாள் ஒரே பகலில் மூன்று. கடைசி வலிப்பு ஐந்து நிமிடம் தாண்டியும் நிற்கவில்லை. காரில் என் மடியில் உடம்பு கொதித்தது இன்னும் ஞாபகம் இருக்கிறது. பிழைத்துவிட்டாள். அதே உணவு இன்றும் உண்டு, மாத்திரையும் உண்டு.

ஒரு சந்தேகம்: மாத்திரையை எதில் மறைத்துக் கொடுக்கிறீர்கள்? நான் சீஸில் வைத்தேன், உப்பு அதிகம் என்று டாக்டர் தடை போட்டுவிட்டார்.

*

மணிக்கு அதன் ஈர உணவையே சின்ன உருண்டையாகப் பிடித்து உள்ளே வைப்பேன். முதலில் வெறும் உருண்டை, அடுத்து மாத்திரை, உடனே இன்னொரு வெறும் உருண்டை. மூன்றாவதைப் பார்த்த அவசரத்தில் இரண்டாவதை விழுங்கிவிடும். ஆனாலும் படுக்கையைத் தூக்கிப் பாருங்கள். போன வாரம் இரண்டு மாத்திரை அங்கே கிடந்தது.