கணவர் சிங்கப்பூரில், நான் பினாங்கில்: அங்கே வேலை அனுமதி பெறுவது எப்படி?

கேள்வி – பாயான் லெப்பாஸ் வாசகி

வணக்கம். பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையின் கணக்குப் பிரிவில் எட்டு ஆண்டுகளாகப் பணியாற்றி வருகிறேன். வயது 33. என் கணவர் எம்பிளாய்மென்ட் பாஸில் (உயர்நிலை வேலைகளுக்கான அனுமதி) சிங்கப்பூரில் பொறியாளராக இருக்கிறார். திருமணமாகி ஓராண்டு கடந்தும், மாதம் ஒருமுறை இரவுப் பேருந்தில் போய்த்தான் அவரைப் பார்க்கிறேன். அவருடைய நிறுவனம் எனக்குக் குடும்பத்தினருக்கான டிபெண்டன்ட் பாஸ் எடுத்துத்தர முன்வந்துள்ளது. அந்தப் பாஸ் இருந்தால், வேலை கொடுப்பவர் ஓர் ஒப்புதல் கடிதம் வாங்கினாலே போதும், வேலையில் சேர்ந்துவிடலாம் என்று முன்பு அங்கே இருந்த என் அக்காள் சொல்கிறார். அது உண்மையானால் அடுத்த மாதமே இங்கே வேலையை விட்டுவிடலாமா?

மறுமொழி – செந்தூல் கணக்கர்

சகோதரி, பணிவிலகல் கடிதத்தை இப்போது கொடுக்க வேண்டாம். உங்கள் அக்காள் சொல்வது அவர் இருந்த காலத்துக்குப் பொருந்தும். 2021 மே 1 முதல், டிபெண்டன்ட் பாஸில் இருப்பவர் வேலை செய்ய வேண்டுமானால், சொந்தமாகத் தொழில் நடத்துவோர் போன்ற சிலரைத் தவிர மற்றவர்களுக்கு, எம்பிளாய்மென்ட் பாஸ், எஸ் பாஸ் (இடைநிலை வேலைகளுக்கானது), வொர்க் பெர்மிட் (அடிப்படை நிலை வேலைகளுக்கானது) ஆகியவற்றுள் ஒன்றை நிறுவனம் தனியாக விண்ணப்பித்துப் பெற வேண்டும். கணவரின் மாதச் சம்பளம் குறைந்தது 6,000 சிங்கப்பூர் வெள்ளியாக (இங்கே நான் சொல்லும் தொகையெல்லாம் சிங்கப்பூர் வெள்ளியில்தான்) இருந்தால் டிபெண்டன்ட் பாஸ் கிடைக்கும். ஆனால் அது உடன் வாழ்வதற்கான அனுமதி மட்டுமே.

எஸ் பாஸுக்குக் குறைந்தபட்சச் சம்பளம் 2025 செப்டம்பர் முதல் 3,300 வெள்ளி என்று எல்லாரும் சொல்வார்கள். அது இளம் வயதினருக்கான தொகை. வயது ஏற ஏற அது உயர்ந்து, 45 வயதில் 4,800 வெள்ளியை எட்டும் என்பதால், 33 வயதுள்ள உங்களுக்கு 3,300 போதாது. அதைவிடப் பெரிய சிக்கல் ஒதுக்கீடுதான். சேவைத் துறை நிறுவனம் தன் மொத்த ஊழியர்களில் 10 விழுக்காட்டுக்கு மேல் எஸ் பாஸில் வைத்திருக்க முடியாது. ஆறேழு பேர் மட்டுமே வேலை பார்க்கும் ஒரு சிறு கணக்குத் தணிக்கை அலுவலகத்துக்கு உங்களை எவ்வளவு பிடித்திருந்தாலும் அதன் கை கட்டப்பட்டிருக்கும். போதாக்குறைக்கு, ஓர் ஆளுக்கு மாதம் 650 வெள்ளி தீர்வையும் (வெளிநாட்டு ஊழியருக்காக அரசுக்குக் கட்டும் கட்டணம்) அது கட்ட வேண்டும். எம்பிளாய்மென்ட் பாஸுக்கு ஒதுக்கீடோ தீர்வையோ இல்லை. ஆனால் சம்பளம் 5,600 வெள்ளியில் தொடங்கி, அதுவும் வயதோடு ஏறும். அத்துடன், விண்ணப்பத்தைப் புள்ளியிட்டு மதிப்பிடும் 'காம்பஸ்' முறையில் 40 புள்ளிகளும் வேண்டும்.

மறுமொழி – பிறை மருமகள்

என் கணவர் சிங்கப்பூர் நிரந்தரவாசி என்பதால் என் வழி வேறாக அமைந்தது. குடியுரிமை பெற்றவரின் அல்லது நிரந்தரவாசியின் மனைவி நீண்டகால வருகை அனுமதியில் இருந்தால் ஒப்புதல் கடிதத்தின் பேரில் வேலை செய்யலாம். அதற்கு ஒதுக்கீடும் தீர்வையும் கிடையா. உங்கள் அக்காள் இரண்டையும் சேர்த்துக் குழப்பிக்கொண்டிருக்கவும் கூடும். உங்கள் கணவர் நிரந்தரவாசத்துக்கு விண்ணப்பிக்கும் எண்ணத்தில் இருக்கிறாரா என்று கேட்டுப் பாருங்கள். அதை மட்டுமே நம்பிக் காத்திருக்கவும் வேண்டாம்.

கேள்வி கேட்டவர்

இருவருக்கும் நன்றி. அப்படியானால் முதலில் டிபெண்டன்ட் பாஸில் போய்ச் சேர்ந்து, அங்கிருந்தபடியே வேலை தேடுவது சரியாக இருக்குமா?

மறுமொழி – செந்தூல் கணக்கர்

நேர்காணலுக்கு நேரில் போக அது வசதிதான், ஆனால் நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். கணவரின் பாஸ் ரத்தானால் அதைச் சார்ந்த உங்கள் பாஸும் ரத்தாகிவிடும். இருவரும் ஒரே சம்பளத்தில் அந்த ஊர் வாடகையையும் கட்டிக்கொண்டு இருக்க வேண்டும். பினாங்கில் வேலையில் இருந்துகொண்டே தேடுங்கள். சிங்கப்பூர் மனிதவள அமைச்சின் இணையத்தளத்தில் உள்ள சுயமதிப்பீட்டுப் பக்கத்தில் வயதையும் சம்பளத்தையும் இட்டுப் பார்த்தால், எந்தப் பாஸுக்கு வாய்ப்பு உண்டு என்பது அன்றே தெரிந்துவிடும். பொதுவாக நிறுவனங்கள் விண்ணப்பிக்கும் முன் வேலையை 14 நாள் விளம்பரப்படுத்த வேண்டியிருப்பதால் அவகாசம் விட்டுக் கணக்கிடுங்கள். ஐபிஏ கடிதம் (வேலை அனுமதிக்கான கொள்கையளவிலான ஒப்புதல்) கைக்கு வந்த பிறகே இங்கே விலகுவது நல்லது.

மறுமொழி – பட்டர்வொர்த் அண்ணன்

இரண்டு சிறு குறிப்புகள். டிபெண்டன்ட் பாஸுக்குத் திருமணச் சான்றிதழ் தேவை. நம் தேசியப் பதிவுத் துறை தருவது மலாய் மொழியில் இருப்பதால் ஆங்கில மொழிபெயர்ப்பையும் இணைக்க வேண்டும். கோயிலில் தாலி கட்டி விருந்து வைத்ததோடு நின்றுவிட்டவர்கள் முதலில் பதிவை முடிக்க வேண்டும். 1982 மார்ச் 1 முதல் முஸ்லிம் அல்லாதார் திருமணத்துக்குப் பதிவு கட்டாயம். மற்றொன்று, நாட்டைவிட்டு மூன்று மாதத்துக்கு மேல் போகப்போவதாக உங்கள் நிறுவனத்திடம் முன்கூட்டியே சொல்லுங்கள். அவர்கள் வருமான வரி வாரியத்துக்கு, ஊழியர் நாட்டைவிட்டுப் போவதை அறிவிக்கும் சிபி21 படிவத்தை 30 நாள் முன்னதாக அனுப்ப வேண்டும். வரிக் கணக்குத் தீரும்வரை கடைசிச் சம்பளத்தை நிறுத்தி வைப்பார்கள். என் தம்பி அதை அறியாமல், கையிருப்பு இல்லாமல் போய்ச் சேர்ந்து, முதல் மாத வாடகைக்கு என்னிடம் வந்து நின்றான்.