காம்ரேட்ஸுக்குத் தயாராகும்போது மும்பை மராத்தான்: முழு வேகமா, லாங் ரன்னா?

வங்கக்கரை (கேள்வி)

வணக்கம். ஜூன்ல தென்னாப்பிரிக்காவுல காம்ரேட்ஸ் டவுன் ரன் (மேட்டுல இருந்து கடற்கரைக்கு இறங்குற ஓட்டம்), பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் இருந்து டர்பன் வரை ஏறத்தாழ 90 கி.மீ. தகுதி நேரத்துக்காக ஜனவரி மூணாவது ஞாயிறு மும்பை ஃபுல் மராத்தான் பதிவு பண்ணியாச்சு. ஊர் சென்னை, வயசு 41, வாரத்துக்கு 55–60 கி.மீ., கடைசி மராத்தான் 4:38 (மணி:நிமிஷம்). சைவம்.

எங்க குரூப்ல ரெண்டு கட்சி. "அல்ட்ராதான் (மராத்தானைவிட நீண்ட ஓட்டம்) குறி, மும்பையை 7:00 பேஸ்ல (கி.மீ.க்கு 7 நிமிஷம்) லாங் ரன் மாதிரி முடி, மறுநாளே 20 ஓடு" என்கிறது ஒண்ணு. "ரேஸ்னா ரேஸ்" என்கிறது இன்னொண்ணு. எது சரி? டேப்பர் (ரேஸுக்கு முன்னாடி ஓட்டத்தைக் குறைக்கிறது) எத்தனை நாள்? மும்பைக்கும் ஜூனுக்கும் நடுவுல இன்னொரு மராத்தான் தேவையா? சாப்பாடு, உப்பு விஷயமும் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

மெதுவோட்டம்

முதல்ல கணக்கைப் பார்த்துடலாம். 7:00 பேஸில் 42.195 கி.மீ. ஓடினா 4:55. காம்ரேட்ஸ் தகுதி நேரம் 4:50. ஆக, முதல் கட்சி பேச்சைக் கேட்டா நல்லா பயிற்சி ஆகும், தகுதி மட்டும் கிடைக்காது. (பதிவுக்கு முன்னாடி அந்தந்த வருஷ அறிவிப்பையும் ஒரு தடவை பார்த்துக்குங்க.)

4:50-க்குச் சராசரி 6:52. ஆனா வாட்ச்ல 6:52 காட்டினா போதும்னு நினைக்காதீங்க. கூட்டத்துல வளைஞ்சு வளைஞ்சு ஓடுறதும் கட்டடங்களுக்கு நடுவுல ஜிபிஎஸ் அலைபாயுறதும் சேர்ந்து முடிவுக்கோட்டில் வாட்ச் 42.6 காட்டுறது சகஜம். அப்படிப் பார்த்தா வாட்ச்ல 6:48 ஓடினாத்தான் சரியா 4:50 வரும். அதனால வாட்ச்சோட சராசரியை விட்டுட்டு, ஒவ்வொரு 5 கி.மீ. பலகையிலும் கழிஞ்ச நேரத்தைப் பாருங்க. அது பொய் சொல்லாது.

என் கருத்து: மும்பையை ரேஸாவே ஓடுங்க. ஜனவரிக்கும் ஜூனுக்கும் நடுவுல 20 வாரம் இருக்கு, உடம்பு தேற அது தாராளம். இன்னொரு காரணம், காம்ரேட்ஸில் தொடக்கக் கோட்டுக்குப் பின்னால எந்தக் கூண்டுல (தடுப்பு போட்ட பகுதியில) நிக்க வைப்பாங்கங்கிறதும் இந்த நேரத்தை வச்சுத்தான். 4:49 எடுத்தவர் பின்கூண்டு. ஆரம்பக் கிலோமீட்டர்கள்ல ஆள் மேல ஆள் இடிச்சு நடக்கணும். 4:25 எடுத்தா வேற கூண்டு, வேற ஓட்டம்.

செய்யக் கூடாதது நடுவாந்தரமா ஓடுறது. 30 கி.மீ. வரைக்கும் அடக்கி வாசிச்சுட்டு, கூட்டத்தைப் பார்த்து உற்சாகம் ஏறி கடைசி 12-ல விரட்டுறவங்க நிறைய. கால் தசைக்கு முழு ரேஸ் சேதம், கிடைக்கிற நேரம் மட்டும் சுமார்.

உங்களுக்கு 4:30 வச்சுக்கலாம், சராசரி 6:24. முதல் 5 கி.மீ. 6:35–6:40, அதுக்கப்புறம் 6:20–6:25 பக்கம். மும்பைத் தடத்துல பெடர் ரோடு ஏற்றம் உண்டு. திரும்பும்போது 35 கி.மீ. தாண்டியிருக்கும், வெயிலும் ஏறியிருக்கும். அங்க பேஸைப் பார்க்காதீங்க, மூச்சைப் பாருங்க. கி.மீ.க்கு அரை நிமிஷம் போனாலும் போகட்டும்.

டேப்பர் 12–14 நாள். கடைசி 32 கி.மீ. ஓட்டம் மூணு வாரம் முன்னாடி. ரேஸுக்கு முந்தின ரெண்டு ஞாயிறுல 24, 16. வாரக் கணக்கு 60, 45, கடைசி வாரம் ரேஸ் நீங்கலா 20–25. கடைசி வாரத்துல ஒரே ஒரு நாள் 7 கி.மீ. ஓட்டத்துக்குள்ள 4 முறை 1 நிமிஷம் ரேஸ் பேஸ் போதும். டேப்பர்ல கால் கனமா இருக்கும், எங்கயோ புதுசா வலிக்கிற மாதிரி இருக்கும். வழக்கமா வர்றதுதான், பயந்து கூடுதலா ஓடிடாதீங்க.

மறுநாள் 20 கி.மீ. கதை: வேண்டாம். முதல் மூணு நாள் நடை மட்டும். நாலாவது நாள்ல இருந்து 30–40 நிமிஷம், பேச்சு தடைபடாத வேகம். ரெண்டாவது வாரம் வழக்கமான தூரத்துல பாதி, மூணாவது வாரம் முக்கால். வேகப் பயிற்சி மூணு வாரம் கழிச்சுத்தான். வலி அஞ்சாறு நாள்ல போயிடும், தசைநார் தேறுறதுக்கு அதைவிட அதிக நாள் ஆகும். வலி போச்சேன்னு ரெண்டாவது வாரமே மலை ஏறப் போறவங்களுக்குத்தான் கெண்டைக்கால் பிடிச்சுக்குது.

உப்புக்கணக்கு

சாப்பாட்டுப் பக்கம் நான் சொல்றேன்.

முதல்ல வியர்வை அளவு. ஓடுறதுக்கு முன்னாடி ஆடையில்லாம எடை பாருங்க, ஓடி முடிச்சு உடம்பைத் துடைச்சுட்டு மறுபடி பாருங்க. 68.0 கிலோ 66.6 ஆச்சு, நடுவுல அரை லிட்டர் குடிச்சீங்க, ஓட்டம் ஒன்றரை மணி நேரம்னா, போனது 1.9 லிட்டர், மணிக்கு ஏறத்தாழ 1.27. சென்னை மார்ச் மாசத்துல ஒரு தடவை, டிசம்பர்ல ஒரு தடவை எடுங்க. ரெண்டும் ஒண்ணா இருக்காது. போனது முழுக்கக் குடிச்சு ஈடு கட்டணும்னு இல்ல, வயிறு தாங்காது. மணிக்கு 400–700 மி.லி., தாகத்தைக் கேட்டுக் குடிங்க. ரேஸ் முடியும்போது எடை கூடியிருந்தா அதுதான் ஆபத்து. ரத்தத்துல சோடியம் லிட்டருக்கு 135 மில்லிமோலுக்குக் கீழ இறங்கி, தலைவலி, குமட்டல், குழப்பம் வரும். அதை நீர் வறட்சின்னு நினைச்சு இன்னும் தண்ணி குடிக்கிறது மிகப் பெரிய தவறு.

உப்புக்கு மருந்துக்கடை ஓ.ஆர்.எஸ். போதும். உலக சுகாதார நிறுவன அளவுப்படி 1 லிட்டர் பாக்கெட்டில் உப்பு 2.6 கிராம், ட்ரைசோடியம் சிட்ரேட் 2.9, பொட்டாசியம் குளோரைடு 1.5, குளுக்கோஸ் 13.5. மொத்த சோடியம் லிட்டருக்கு ஏறத்தாழ 1,700 மி.கி. மணிக்கு 400 மி.லி. குடிச்சா 700 மி.கி. கிட்ட வரும், பெரும்பாலானவங்களுக்கு இதுவே அதிகம்தான். ஜூஸ் மாதிரி டெட்ரா பாக்கெட்ல வர்றது வேற சாமான். அதுல சர்க்கரைதான் தூக்கல்.

ஆனா ஓ.ஆர்.எஸ்.ல மாவுச்சத்து சொற்பம். மராத்தானுக்கு மணிக்கு 50–60 கிராம் வேணும். ஜெல் (ஓடும்போது பாக்கெட்டைக் கிழிச்சு உறிஞ்சுற இனிப்புக் கூழ்) ஒண்ணு 22–25 கிராம், அதனால 25 நிமிஷத்துக்கு ஒண்ணு, முதல் ஜெல் 30-வது நிமிஷத்துலயே. பசிச்சப்புறம் சாப்பிட்டா நேரம் கடந்து போச்சுன்னு அர்த்தம். ஜெல் செலவு கட்டுப்படியாகலேன்னா நடுத்தர வாழைப்பழம் 25 கிராம், சாதாரண பேரீச்சை நாலு 20 கிராம், உப்பு போட்டு வேகவச்ச உருளைக்கிழங்கு 100 கிராம்ல 20 கிராம். கடலை மிட்டாய் எல்லாருக்கும் பிடிக்கும், நல்லதுதான், ஆனா கொழுப்பு இருக்கறதால வயித்துல தங்கும். வாய் உலர்ந்தப்புறம் தூளாகித் தொண்டையில ஒட்டிக்கும். அதை முதல் 30 கி.மீ.யோட நிறுத்திக்குங்க.

காம்ரேட்ஸ்ல தண்ணி கப்ல வராது, சின்ன பிளாஸ்டிக் சாஷேல வரும். மூலையைக் கடிச்சு உறிஞ்சணும். நம்ம ஊர் தண்ணி பாக்கெட் வாங்கி ஓடிக்கிட்டே குடிச்சுப் பழகிக்குங்க, கேக்கச் சிரிப்பா இருக்கும், ஆனா 60 கி.மீ.க்கு மேல கை நடுங்கும்போது இதுவே வேலையா இருக்கும்.

வலி மாத்திரை, குறிப்பா ஐபுப்ரூஃபென், ஓடும்போது கூடவே கூடாது. நீர் குறைஞ்ச நேரத்துல சிறுநீரகத்துக்குப் போற ரத்தத்தை அது மேலும் குறைக்கும்.

சைவத்துக்குக் கவலை வேண்டாம். 1860-ல இருந்து தமிழ்க் குடும்பங்கள் குடியேறின ஊர் டர்பன், சாதமும் பருப்பும் கிடைக்கும். கவலைப்பட வேண்டியது காலைச் சாப்பாட்டுக்கு. டவுன் ரன்னுக்கு டர்பன்ல தங்குறவங்க நடுராத்திரி தாண்டி பஸ் பிடிச்சு மேல போகணும். அறையில அடுப்பு இருக்காதுன்னு வச்சுக்கிட்டு ரொட்டி, பீநட் பட்டர், வாழைப்பழம் மாதிரி எதையாவது இப்பவே பழகிடுங்க.

கொண்டைஊசி

மேலே இருப்பவர்கள் விட்டது ஒன்று: இறக்கம். டவுன் ரன் என்றதும் சுலபம் என்று நினைப்பார்கள். முதல் பாதியில் ஏற்றமும் இருக்கிறது. தடத்தின் உச்சியான உம்லாஸ் ரோடு கடல் மட்டத்திலிருந்து 800 மீட்டருக்குக் கொஞ்சம் மேல். அங்கிருந்து கடற்கரை வரை இறங்க வேண்டும். இன்சாங்கா, போத்தாஸ் ஹில் தாண்டி, 60 கி.மீ.க்கு மேல் களைத்த கால்களோடு ஃபீல்ட்ஸ் ஹில் வரும். ஏறத்தாழ 3 கி.மீ. செங்குத்தான இறக்கம். அது முடிந்ததும் கவீஸ் ஹில் ஏற்றம்.

இறங்கும்போது தொடைத் தசை நீண்டுகொண்டே பிரேக் போடுகிறது. இழைகள் கிழிவது அப்போதுதான். மூச்சு வாங்காது, இதயத் துடிப்பும் குறைவாகக் காட்டும், அதனால் வேகத்தைக் கூட்டத் தோன்றும். மறுநாள் படியிறங்க முடியாது. ஆனால் ஒருமுறை இப்படி அடிபட்ட தசை, அடுத்த சில வாரங்களுக்கு அதே வேலையைக் குறைந்த சேதத்தோடு தாங்கும். அந்தக் காப்பைச் சேர்த்துவைப்பதுதான் பயிற்சி.

சென்னை தட்டை. மேம்பாலம் 300 மீட்டரில் தீர்ந்துவிடும். ஏலகிரி மலைப்பாதையில் 14 கொண்டை ஊசி வளைவுகள், ஜோலார்பேட்டை வரை ரயில் இருக்கிறது, விடிகாலையில் வண்டிகளும் குறைவு. முதல் முறை 4 கி.மீ. இறக்கம் மட்டும், ஏறும்போது நடக்கலாம். மூன்று வாரம் கழித்து 8, பிறகு 12. கடைசி இறக்கப் பயிற்சி காம்ரேட்ஸுக்கு மூன்று வாரம் முன்பு. அதற்குப் பிறகு வேண்டாம். மும்பைக்கு முந்தைய மாதத்தில் இதைத் தொடங்க வேண்டாம், பிப்ரவரி பாதிக்குப் பிறகு தொடங்குங்கள். இறங்கும்போது காலடிகளைச் சிறிதாக்கி, எண்ணிக்கையைக் கூட்டுங்கள். குதிகாலை முன்னால் நீட்டி ஊன்றினால் முட்டிதான் பிரேக்.

மலைக்குப் போக முடியாத வாரங்களில் 20 செ.மீ. படியில் ஒற்றைக்காலில் நின்று, மற்ற காலை 3 விநாடி எடுத்து மெதுவாகத் தரையில் இறக்குங்கள். காலுக்கு 12 வீதம் 3 சுற்று, வாரம் இருமுறை.

ஷூ அரை அளவு பெரிது, மேல் துளையில் கட்டிக் குதிகாலை இறுக்குங்கள். விரல் முன்னால் இடித்தால் நகம் கறுத்துவிடும். நகத்தை ஒரு வாரம் முன்பே வெட்டுங்கள், முந்தைய நாள் வெட்டினால் ஓரம் குத்தும்.

வங்கக்கரை

எல்லாருக்கும் நன்றி. மும்பை ரேஸ்தான், முடிவாச்சு. ஏப்ரல்ல ஒரு மராத்தான் ஒத்திகையா ஓடலாமா? அடுத்தடுத்த நாள் லாங் ரன் எங்க வரணும்? 4:30 எடுத்தா காம்ரேட்ஸ் எவ்வளவு நேரம்னு கணிக்க முடியுமா?

மெதுவோட்டம்

கணிப்பு: ஒரு தூரத்தோட நேரத்தை வச்சு இன்னொரு தூரத்துக்குக் கணிக்கிற ரீகல் சூத்திரத்துல அடுக்கு 1.06 போட்டா 4:30-க்கு 90 கி.மீ. 10:03 வரும். நம்பாதீங்க, அந்த அடுக்கு குறைஞ்ச தூரங்களுக்குப் பொருந்துறது. 1.15 போட்டா 10:45. மராத்தான் நேரத்தை 2.5 ஆல் பெருக்கினா 11:15. வாரம் 60–70 கி.மீ. ஓடுறவங்க இந்தக் கடைசி எண்ணை வச்சுத் திட்டம் போடுறது நல்லது. கட்-ஆஃப் (முடிக்க வேண்டிய கெடு) 12 மணி நேரம், 90 கி.மீ.க்குச் சரியா 8:00 பேஸ்.

ஏப்ரல் மராத்தான் தாராளமா ஓடலாம், ஆனா முழுக்க முழுக்க ஒத்திகை. 4 நிமிஷம் ஓட்டம், 1 நிமிஷம் நடை. ஓட்டம் 7:00, நடை 10:00-ன்னா சராசரி 7:27. 90-க்கு நீட்டினா 11:10. நடையை முதல் கிலோமீட்டர்ல இருந்தே எடுக்கணும். களைச்சப்புறம் எடுக்கிற நடைக்கு நடைன்னு பேர் இல்ல, நின்னுட்டோம்னு பேர். இதுக்கு டேப்பர் 3–4 நாள் போதும், அடுத்த வாரம் பாதித் தூரம், அப்புறம் வழக்கம்போல.

அடுத்தடுத்த நாள் ஓட்டம் பிப்ரவரி கடைசியில இருந்து ஏப்ரல் வரை, மூணு வாரத்துக்கு ஒரு தடவை. சனி 30, ஞாயிறு 18–20. ஞாயிறு ஓட்டம்தான் முக்கியம், அதனால சனிக்கிழமை விரட்டக் கூடாது.

காம்ரேட்ஸுக்கு 6 வாரம் முன்னாடி ஒரே ஒரு 55–60 கி.மீ. தென்னாப்பிரிக்காக்காரங்களுக்கு ஏப்ரல்ல கேப் டவுன் டூ ஓஷன்ஸ் 56 கி.மீ. அந்த வேலையைச் செஞ்சுடும். நமக்கு ஈசிஆர்தான்.

கொண்டைஊசி

60 விஷயத்தில் உடன்பாடில்லை. ஏப்ரல் கடைசியில் சென்னையில் 60 கி.மீ. என்றால் எட்டு மணி நேரம். அதிகாலை 2 மணிக்குத் தொடங்கினாலும் கடைசி இரண்டு மூன்று மணி நேரம் வெயிலில்தான். அந்த வெப்பத்தால் வரும் களைப்பு டர்பன் குளிர்காலத்துக்குப் பெரிதாக உதவாது, மீள இரண்டு வாரம் ஆகும். 48–50-இல் நிறுத்தி, மறுநாள் 15 நடை-ஓட்டமாக முடிப்பது மேல். தூரத்தை விட நேரத்தைப் பாருங்கள்: ஆறரை மணி, முடிந்தது. அக்னி நட்சத்திரம் தொடங்குவதற்கு முன் இது முடிந்துவிட வேண்டும்.

மெதுவோட்டம்

சென்னைக்கு நீங்க சொல்றது சரி. குளிர்ந்த ஊர்ல, ஊட்டியிலயோ கொடைக்கானல்லயோ ஓட வழி இருந்தா மட்டும் 56. இல்லேன்னா 50.

உப்புக்கணக்கு

ரெண்டு சின்ன விஷயம். பீட்டர்மாரிட்ஸ்பர்க்ல விடியறதுக்கு முன்னாடி நல்ல குளிர். தூக்கிப் போடலாம்னு தோணற பழைய ஸ்வெட்டர் ஒண்ணு எடுத்துட்டுப் போங்க. அடுத்து, நைரோபி, அடிஸ் அபாபா வழியா டிக்கெட் போட்டா மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்று கேட்க வாய்ப்பு உண்டு. ஊசி போட்ட 10-வது நாள்ல இருந்துதான் சான்று செல்லும், ஊசிக்கப்புறம் சில நாள் காய்ச்சல் வரலாம். அதனால 50 கி.மீ. ஓட்டத்துக்கு முந்தின வாரத்துலயோ டேப்பர்லயோ போட்டுடாதீங்க, பிப்ரவரியிலயே முடிச்சுடுங்க.