அசல் பட்டர், அசல் மேப்பிள் பாணி: உங்கள் நாக்கு எப்போது மாறியது?

பேஸ்மென்ட் பெடியன் (ஸ்காபரோ):

என் மகளுக்கு எட்டு வயது. போன சனிக்கிழமை ஒரு சிநேகிதி வீட்டில் தங்கிவிட்டு வந்தவள், சப்பாத்தைக் கழற்றும் முன்னமே அறிவித்தாள்: “அப்பா, அவை வீட்டுப் பாணிதான் நல்லது. எங்கட பாணி வெறும் தண்ணி.”

அவை வீட்டுப் பாணி என்பது சோளப்பாகில் நிறமும் வாசனையும் சேர்த்து, பிதுக்கும் போத்தலில் வருவது. மேப்பிள் மரத்துக்கும் அதற்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை. நான் வாங்குவது அசல், மேப்பிள் மரத்தின் நீரைக் காய்ச்சி எடுக்கும் பாகு. விலையைப் பார்த்து மனைவி ஒவ்வொரு முறையும் பெருமூச்சு விடும் அசல்.

கோபம் வரவில்லை. ஏனென்றால் இதே வசனத்தை நானும் ஒரு காலத்தில் சொல்லியிருக்கிறேன்.

1989இல் நாங்கள் இங்கே வந்தபோது எனக்கு ஐந்து வயது. பேஸ்மென்ட் வீடு. குளிர்சாதனப் பெட்டியில் எந்நேரமும் மாஜரின் (பட்டருக்குப் பதிலாக எண்ணெயில் செய்வது) பெட்டிகள் இருக்கும், மஞ்சள் மஞ்சளாக. ஆனால் ஒன்றில்தான் மாஜரின். மற்றதில் சொதி, இன்னொன்றில் கறிவேப்பிலை, ஆகக் கீழே இருப்பதில் முதல்நாள் பருப்பு. பசியோடு மூன்று பெட்டி திறந்தால்தான் சரியானது கிடைக்கும். அதைப் பாண் துண்டில் தடவி, மேலே சீனி தூவி, மடித்துக் கையில் தருவார் அம்மா. சீனி பல்லில் நறநறக்கும். அதுதான் எனக்குப் பள்ளிக்கூடத்துக்கு முந்திய சாப்பாடு, பல வருடங்களுக்கு.

அப்பா இரவில் ஒரு உணவகத்தில் கோப்பை கழுவினார். விடியப்புறம் வரும்போது ஜாக்கெட் பையில் பொன்னிறத் தாளில் சுற்றிய சின்னப் பட்டர் கட்டிகள் இருக்கும். பேருந்துச் சூட்டில் நசுங்கி, ஒவ்வொன்றும் ஒவ்வொரு வடிவத்தில். எனக்கு ஒன்று தருவார். தாளில் ஒட்டியிருப்பதை நகத்தால் சுரண்டித் தின்பேன். மிச்சத்தை அம்மா சேர்த்து வைத்து, ஒரு இருபது முப்பது ஆனதும் உருக்கி நெய்யாக்கிவிடுவார். உப்புப் பட்டர் அல்லவா, அடியில் கசண்டோடு உப்பும் தங்கும். அந்தக் கசண்டில் சோற்றைப் போட்டுப் பிரட்டித் தருவார். அதற்கு ஈடாக இதுவரை எதையும் நான் சாப்பிடவில்லை. ஆக, பட்டர் விஷயத்தில் என் நாக்கு சின்ன வயதிலேயே தெளிந்துவிட்டது.

மேப்பிள்தான் பிந்தியது. நாலாம் வகுப்பில் பாணி காய்ச்சும் தோட்டம் ஒன்றுக்குக் கூட்டிப் போனார்கள். சுடச்சுடப் பாணியைப் பனிமேல் ஊற்றி, இறுகியதும் குச்சியில் சுற்றித் தந்தார்கள். எனக்கு அது விறகுப் புகை மாதிரி இருந்தது. துப்பிவிட்டேன், ஆசிரியை பார்க்கவும் பார்த்துவிட்டார். வீட்டுப் போத்தல் பாணிதான் எனக்கு மேப்பிள், இது ஏதோ வேறு சாமான். பிறகு 2008இல் கியூபெக்கில் ஒரு நண்பனின் பெற்றோர் வீட்டில் காலைச் சாப்பாடு. தகரத்தை வெட்டித் திறந்து, முட்டைப் பொரியலுக்கு மேலேயே ஊற்றினார்கள். உப்பும் இனிப்பும் அந்தக் கசப்பும் சேர்ந்து வந்தபோது கரண்டியைக் கீழே வைக்கவில்லை. அன்றிலிருந்து அசல்தான்.

கேள்வி இதுதான். உங்களுக்கு எப்போது, எதனால் மாறியது? பிள்ளையை அவள் பாட்டில் விடவா, ஏதாவது செய்து பார்க்கவா? இன்னொன்று, பட்டரை மேசையில் வைக்கலாமா, குளிரில்தான் வைக்க வேண்டுமா? இதில் எங்கள் வீட்டில் பன்னிரண்டு வருடச் சண்டை.

—

நிலா அம்மா (மொன்றியால்):

தம்பி, முதலில் சண்டையைத் தீர்த்துவிடுகிறேன். உப்புப் பட்டர் என்றால் ஓரிரண்டு நாளைக்குத் தேவையான அளவை மூடிய பாத்திரத்தில் மேசையில் வையுங்கள், மிச்சம் குளிரில். இரண்டு பேரும் பாதிப் பாதி வெற்றி.

பிள்ளை சொன்னது பிழையில்லை. அசல் உண்மையிலேயே ஐதானதுதான். அதில் சீனி 66 வீதம் அளவில் இருக்கும், தடிப்பாக்க வேறு ஒன்றும் சேர்ப்பதில்லை. போத்தல் பாணியில் பசை மாதிரி ஒன்றைப் போட்டிருப்பார்கள், அதனால்தான் பான்கேக்கின் மேலேயே நிற்கும். அசல் உடனே உள்ளே இறங்கிவிடும். சூடாக்கி ஊற்றினால் இன்னும் ஐதாகும், அதைச் செய்யாதீர்கள்.

நீங்கள் எந்த நிறம் வாங்குகிறீர்கள்? பொன்னிறம் என்றால் அங்கேதான் தவறு. அது பருவத் தொடக்கத்தில் வருவது, வாசனை மெல்லியது. பொன்னிறம், அம்பர், கடும் நிறம், மிகக் கடும் நிறம் என்று நாலு உண்டு, நாலும் ஒரே ‘ஏ’ தரம்தான். பெயரைப் பார்த்துப் பொன்னிறம்தான் உசத்தி என்று நினைக்கிறவர்கள் பலர், நானும் நினைத்தேன். போத்தல் பாணிக்குப் பழகிய நாக்குக்குக் கடும் நிறத்தைக் கொடுங்கள்.

மார்ச்சில் ஒரு தோட்டத்துக்குக் கூட்டிப் போங்கள். காய்ச்சிய பாணியைக் கொடுக்குமுன் மரத்தில் தொங்கும் வாளியில் இருக்கும் நீரை ஒரு வாய் குடிக்கச் சொல்லுங்கள். அதில் சீனி 2 வீதம் அளவில்தான், கிட்டத்தட்டப் பச்சைத் தண்ணீர். அப்படி 40 லீற்றரைக் காய்ச்சினால் 1 லீற்றர் பாணி. இரவில் உறைந்து பகலில் உருகும் அந்தச் சில கிழமைகளில்தான் நீர் ஓடும். என் மகன் அந்த வாளியையும் கொதிக்கும் தட்டையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றான். அடுத்த கிழமையிலிருந்து தட்டில் மிச்சம் விடுவதில்லை.

தகரத்தைத் திறந்தால் கண்ணாடிப் போத்தலுக்கு மாற்றிக் குளிரில் வையுங்கள். வெளியே விட்டால் பூஞ்சணம் பிடிக்கும்.

—

பனங்கட்டிக் குட்டான் (மார்க்கம்):

தம்பி, உமது அப்பாவின் கோப்பைக் கதையைப் படித்துவிட்டுச் சற்று நேரம் சும்மா இருந்தேன். நானும் கழுவினவன்தான்.

ஒரு திருத்தம். 1989இல் ஒன்ராறியோவில் மஞ்சள் மாஜரின் எங்கே கிடைத்தது உமக்கு? பால் பண்ணைக்காரருக்காக இந்த நாட்டில் மாஜரினை 1886இல் தடைசெய்தார்கள். முதல் உலகப் போர்க் காலத்தில் சில வருடங்கள் விட்டுக்கொடுத்தார்கள், மற்றபடி 1948 வரை தடைதான். அதன் பிறகும் பட்டரின் நிறத்தில் விற்கக்கூடாது என்று மாகாணங்கள் பிடித்து வைத்திருந்தன. ஒன்ராறியோவில் 1995 வரை, கியூபெக்கில் 2008 வரை. பட்டரைவிட வெளிறியதாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் அதைவிடக் கடும் நிறமாக இருக்க வேண்டும். பெட்டி மஞ்சளாக இருந்திருக்கும், உள்ளே என்ன நிறம் என்று யோசித்துப் பாரும்.

மேப்பிள் எனக்கு முதல் நாளே பிடித்தது. காரணம் ஊர். பனையிலிருந்து கருப்பநீரை (பதநீரை) இறக்கிக் காய்ச்சும் வீட்டில் வளர்ந்தவனுக்கு, மரத்தின் நீரைக் காய்ச்சினால் இனிப்பு வரும் என்பதும், அந்த இனிப்புக்குள் லேசாகப் புகையும் கசப்பும் இருக்கும் என்பதும் புதினமா? நாங்கள் முட்டிக்குள் சுண்ணாம்பு பூசுவோம், இல்லாவிட்டால் கள்ளாகிவிடும். இவர்களுக்குக் குளிரே காவல். உமக்குப் புகை நாறியது, எனக்கு அடுப்படி மணத்தது. அவ்வளவுதான் வித்தியாசம்.

—

சும்மா ஒருத்தி (பிராம்ப்டன்):

எல்லோரும் அசல் பக்கம் நிற்கிறீர்கள். நான் போத்தல் பாணிப் பக்கம். அசலைச் சாப்பிட்டிருக்கிறேன், நல்லதென்றும் தெரியும், இருந்தாலும் பான்கேக்குக்கு எனக்குப் போத்தல் பாணிதான் வேண்டும். ஆறு வயதில் கனடா என்றால் அந்தப் பிசுபிசுப்புத்தான். இதற்கு வைத்தியம் தேவையில்லை.

ஆனால் மாஜரினுக்கு நான் வக்கீல் இல்லை. பட்டர் கூடாது, கொழுப்பு, மாஜரின்தான் இதயத்துக்கு நல்லது என்று எங்கள் அப்பாவுக்கு எத்தனை பேர் சொன்னார்கள்! பாவம், ருசியில்லாமல் இருபது வருடம் தடவினார். பிறகு பார்த்தால் அந்தக் காலத்து மாஜரின் பலதிலும் இருந்த, ஐதரசன் சேர்த்துப் பாதி இறுக்கிய எண்ணெய்தான் கூடாதென்று 2018இல் அதையே தடைசெய்தார்கள். இப்போதைய மாஜரினில் அது இல்லை, ஆனால் அப்பா திரும்பிப் பார்க்கவில்லை. எழுபத்தெட்டு வயதில் பட்டர்க் கத்தியோடு மேசையில் உட்கார்ந்திருக்கிறார்.

அப்புறம், போலி வாசனை என்று ஏளனம் செய்யாதீர்கள். அது நம்முடைய வெந்தயம்! மேப்பிள் மணத்தில் சோட்டலோன் என்ற பொருளுக்குப் பெரிய பங்கு, வெந்தயத்திலும் அதேதான். 2005இலிருந்து நியூயோர்க் நகரில் திடீர் திடீரென்று மேப்பிள் வாசனை வீசி ஊரே குழம்பியது. 2009இல் கண்டுபிடித்தார்கள், நியூஜெர்சியில் வாசனைப் பொருள் செய்யும் ஒரு ஆலையில் வெந்தயம் பதப்படுத்தியதுதான் காரணமாம். நாங்கள் இருந்திருந்தால் முதல் நாளே சொல்லியிருப்போம்.

—

பேஸ்மென்ட் பெடியன்:

எல்லோருக்கும் நன்றி. குட்டான் ஐயா, அம்மாவைக் கேட்டேன். “பெட்டிதான் மஞ்சள், உள்ளுக்கு இருந்தது தோடம்பழ நிறம், நீ அதைச் சீஸ் எண்டு நினைச்சு அழுதனி” என்றார். முப்பத்தைந்து வருடமாகத் தவறான நிறத்தை நினைவில் வைத்திருக்கிறேன்.

இன்று காலை மூன்று சின்னக் கிண்ணங்களில் வைத்து, மகளின் கண்ணைக் கட்டிக் கொடுத்தேன். பொன்னிறத்துக்கு “தண்ணி” என்றாள். கடும் நிறத்துக்கு ஒன்றும் சொல்லாமல் இன்னொரு தரம் விரலைவிட்டாள், மூக்கைச் சுளித்தாள், திரும்பவும் விட்டாள். போத்தல் பாணிதான் முதலாம் இடம், சந்தேகமேயில்லை. வெந்தயப் போத்தலைத் திறந்து மணக்கக் கொடுத்தேன். “இது அம்மம்மா வீட்டுக் குழம்பு” என்றாள். அதற்குமேல் நான் வாதாடவில்லை.

பட்டரில் பிரச்சினையே இல்லை. மேசையில் வைத்த முதல் நாளே ஒரு மூலையில் விரல் அடையாளம்.

மார்ச் நடுவில் தோட்டம் போகிறோம். அம்மாவும் வருகிறேன் என்கிறார், அந்த வாளித் தண்ணியைப் பார்க்கவேண்டுமாம். மகள் கேட்டது ஒரே ஒரு கேள்விதான்: அங்கே அவளுடைய பாணியும் இருக்குமா?